பதினைந்தில் பன்னிரண்டு போனால்

ரவாங் வாழ் பெரியோர்களே, தாய்மார்களே, நாற்காலி இருந்தும் பின்னாலேயே நிற்கும் தம்பிகளே!

பொன்னாடையெல்லாம் அப்புறம். எனக்கு வயிறு எரிகிறது. போன வாரம் ஒரு தலைவர் பேசினார். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அதையும் விளம்பரமாக எடுத்துக்கொள்வார். பல நாட்டுப் பிள்ளைகளை ஒப்பிடும் பிசா தேர்வில் மலேசியா சரிந்ததற்குத் தாய்மொழிப் பள்ளிகள்தான் காரணமாம்! அவர் வாதம் இவ்வளவுதான்: என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுப் பூனையை அடி!

சரிவு பொய்யா? இல்லை. 2018இல் கணிதத்தில் 440 புள்ளி, 2022இல் 409. வாசிப்பு 415இலிருந்து 388. கணிதத்தில் அடிப்படை நிலையைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 41 பேர்தான். எல்லாரும் தலைகுனிய வேண்டிய சேதி. ஆனால் அந்தத் தேர்வை எழுதியது யார்? 15 வயதுப் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளி எந்த வயதில் முடிகிறது? 12! ஆறாம் ஆண்டோடு பிள்ளையை அனுப்பிவிடுகிறோம். தேர்வு நடந்தது மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழில் ஒரு கேள்வி கிடையாது. வராத விருந்தில் பாத்திரம் உடைத்தோம் என்று நம்மேல் பழி!

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். ஒரே கொட்டகையில் மூன்று வகுப்பு. இந்தப் பக்கம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் ஆத்திசூடி. ஏழாம் வாய்ப்பாட்டை ஆத்திசூடி ராகத்தில்தான் மனப்பாடம் செய்தேன். இன்றைக்கும் சந்தையில் கணக்குப் பார்த்தால் அந்த ராகம் வாயில் வருகிறது, மீன்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், ஒரு காசு தப்பியதில்லை!

இந்தப் பிசா பட்டியலை வேதமாகத் தூக்கிவருகிறவர்களுக்கு 2015 ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆண்டு கணிதத்தில் 446 என்று மார்தட்டினார்கள். தேர்ந்தெடுத்த பள்ளிகளில் எத்தனை விழுக்காடு கணக்கில் சேர்ந்தன? 51. விதி கேட்பது 85. மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாது என்று மலேசியாவை ஒதுக்கி வைத்தார்கள். ஏறினால் கல்வி அமைச்சுக்கு மாலை, இறங்கினால் தமிழ்ப்பள்ளிக்கு உதை!

“சீனாவைப் பாருங்கள்” என்கிறார்கள். 2012 பிசாவில் முதலிடத்தில் நின்றது சீனா அல்ல, ஷாங்காய் என்ற ஒரு நகரம். டுரியான் வியாபாரி கூடைக்கு மேலே நல்ல பழமாக அடுக்குவான். நாம் அடியிலும் கைவிட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? 1890களிலேயே சுரங்க முதலாளிகள் லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. இங்கே வந்து இருட்டில் பழம் விற்காதீர்கள்!

கல்வி அமைச்சில் இருப்பவர்களே, 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றினீர்கள். 2009இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தீர்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் நடுவில் நின்று முழித்தார்கள். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் எந்தத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்? சொல்லுங்களேன்!

பிசாவைப் பேசுகிறவர்கள் கொஞ்சம் பைசாவையும் பேசட்டும். நிலம் அரசாங்கத்துடையது இல்லை என்பதால் ‘பாதி மானியம்’ என்ற பெயரில் எத்தனை தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன! கூரைக்கும் கழிவறைக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறது. 1957இல் 888 தமிழ்ப்பள்ளி. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டம் துண்டாடப்பட்டது, சனம் வெளியேறியது, பள்ளி போனது. அப்போது ஒரு தலைவர் வாய் திறந்தாரா?

நம்மிடம் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆறாம் ஆண்டு முடித்தும் தடுமாறி வாசிக்கிற பிள்ளை நம் பள்ளியிலும் உண்டு. அந்தப் பிள்ளைக்காக நம் ஆசிரியர்களை நாமே கேள்வி கேட்போம், பெற்றோரையும் கேட்போம். ஆனால் அந்தப் பிள்ளையைக் காட்டிப் பள்ளியையே மூடச் சொல்கிறவனுக்கு இந்த மண்டபத்தில் ஒரு வாய் தே தாரேக் கூடக் கிடையாது!

கடைசியாக அந்தத் தலைவருக்கு ஒரு கணக்கு. மூன்றாம் ஆண்டுப் பிள்ளையே போட்டுவிடும். பதினைந்தில் பன்னிரண்டு போனால் மிச்சம் எத்தனை ஐயா? மூன்று. அந்த மூன்று வருடமும் நம் பிள்ளை யாருடைய பள்ளியில் உட்கார்ந்திருந்தது? விடையைப் பொறுமையாக எழுதட்டும். திருத்துவதற்கு நம்மிடம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.