கணவாயும் பேத்தையும் காட்டும் நரம்பு

புங்குடுதீவின் இறுப்பிட்டியை அடுத்த கடலில் வலை வீசுவோருக்கு ஊசிக்கணவாயும் தெரியும். பேத்தை மீனும் தெரியும். முன்னது கறிச்சட்டிக்குப் போகும். பின்னது பெரும்பாலும் கரையில் எறியப்படும். மனித நரம்பில் மின்செய்தி ஓடும் விதத்தை விளக்க இவ்விரண்டுமே போதும்.

நரம்புக்கலத்துக்கு ஓர் உடல் உண்டு. அதிலிருந்து கிளைக்கும் குறுந்தும்புகள் செய்தியை வாங்குகின்றன. நீண்ட தும்பு ஒன்று அதனை அப்பால் அனுப்புகின்றது. முதுகெலும்பினுள்ளிருந்து பாதத்துத் தசைவரை செல்லும் தும்பு ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமாயினும், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மென்மையுடையது. அதனுள் எக்கருவியை நுழைப்பது?

வழி காட்டியது கணவாய். பகை கண்டதும் நீரைப் பீச்சிப் பின்னோக்கிப் பாயும் அதற்கு, செய்தி விரைந்து செல்லுதல் உயிர்ப் பிரச்சினை. அதனால் அதன் உடற்சுவரில் ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த தும்பு அமைந்துள்ளது. 1936இல் ஜே. இசட். யங் இதனை உலகுக்கு எடுத்துக் காட்டினார். 1939இல் பிளிமத் கடலாய்வு நிலையத்தில் ஹொட்கினும் ஹக்ஸ்லியும் அத்தும்பினுள் மின்வாயைச் செலுத்தி, ஓடும் செய்தியை அளந்தனர். போர் குறுக்கிட்டது, முழு விளக்கம் 1952இலேயே வெளிவந்தது. 1963இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அவர்கள் கண்டது இது: தும்பின் உள்ளே பொற்றாசியம் மிகுதி, வெளியே சோடியம் மிகுதி. ஓய்விலிருக்கையில் உட்புறம், வெளிப்புறத்தை நோக்க, ஏறக்குறைய எழுபது மில்லிவோல்ற்று எதிர்மின்னாக உள்ளது. தூண்டப்பட்டவுடன் மென்சவ்விலுள்ள சோடிய வாயில்கள் திறக்கின்றன. சோடிய அயன்கள் உட்பாய, அவ்விடத்தில் உட்புறம் நேர்மின்னாகிறது. பின்னர் பொற்றாசியம் வெளியேறப் பழைய நிலை மீள்கிறது. ஓரிரு ஆயிரத்திலொரு செக்கனுள் யாவும் முடிந்துவிடும்.

கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதன்று இது. பனையோலை வேலியில் பற்றிய நெருப்பையே ஒக்கும்: எரியும் ஓலை அடுத்த ஓலையைப் பற்ற வைக்கிறது, ஆகையால் தொலைவு சென்றும் வலு குன்றுவதில்லை. எரிந்த ஓலை மீளாது, நரம்போ உடனே மீள்கிறது என்பதே வேறுபாடு. மனிதனின் விரைவு நரம்புகள் தடித்தவையல்ல. அவற்றைக் கொழுப்புறை மூடியிருப்பதால், உறையின் இடைவெளிக்கு இடைவெளி செய்தி தாவுகிறது.

இனிப் பேத்தை. அதன் ஈரலிலும் சினையிலும் மிகுந்துள்ள நஞ்சு, சோடிய வாயிலில் அடைப்பானைப்போல் பொருந்திக்கொள்கிறது. கடல் இறாலின் நரம்பை ஆராய்ந்த நராஹாஷியும் துணைவரும் 1964இல் இதனைத் தெளிவாக்கினர். வாயில் அடைபட்டால் அடுத்த ஓலை பற்றாது. முதலில் உதடும் நாவும் மரக்கும். பின் கைகால்கள் சோரும். மூச்சை இயக்கும் தசைகளும் ஓயக்கூடும். கொடுமை என்னவென்றால், பலருக்கு அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும்.

கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழியாது. மாற்று மருந்தும் இல்லை. ஆயினும் நஞ்சு உடலை விட்டு நீங்கும்வரை, பெரும்பாலும் ஓரிரு நாள், கருவியால் மூச்சளித்துக் காத்தால் உயிர் தப்பலாம். எனவே மீனுண்டபின் உதடு மரத்தால், கைகால் சோரும்வரை காத்திராது, தீவிலுள்ளோர் அப்பொழுதே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்.