திவானிப் படமும் நெட்டப்பாக்கமும்

(நெட்டப்பாக்கத்தில் நடந்த விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சரித்திரப் புத்தகங்களில் அச்சாகி வரும் ஒரு படத்தை நாம் இங்கே கொண்டு வந்திருக்கிறோம். கை மாற்றிக் கை மாற்றிப் பாருங்கள்.

மொகலாயச் சக்கரவர்த்தி ஷா ஆலம் உயரமான ஆசனத்தில் வீற்றிருக்கிறார். கம்பெனியின் கிளைவ் அவரிடம் ஒரு சுருளை வாங்குகிறான். 1765 ஆகஸ்ட் 12-ந் தேதி அலகாபாத்தில் வங்காளம், பீகார், ஒரிசாவின் வரிவசூல் உரிமை கைமாறிய காட்சி இது. தீட்டியவர் பெஞ்சமின் வெஸ்ட். அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது!

நடந்தது என்ன? சடங்கு நடந்த இடம் கிளைவின் கூடாரம். சிம்மாசனம் என்பது சாப்பாட்டு மேஜைமேல் தூக்கி வைத்த நாற்காலி. முந்தின வருஷம் பக்சாரில் தோற்றுப்போன சக்கரவர்த்தி, வருஷத்துக்கு 26 லட்சம் ரூபாய்க்குச் சம்மதித்தார். தோற்றவனிடம் பறித்ததை, மனமுவந்து தந்த தானம்போல் படம் காட்டுகிறது.

வரி கட்டுகிற குடியானவனை யார் கேட்டார்கள்? 1770-ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் மாண்டார்கள் என்று எழுதிய ஹேஸ்டிங்ஸே, 1771-ன் வசூல் 1768-ன் வசூலையும் மிஞ்சிவிட்டது என்றும் 1772-ல் லண்டனுக்கு எழுதினான். பிணங்களுக்கு நடுவே வரி வசூலானது!

நம் பக்கத்துக் கதையும் வேறல்ல. வில்லியனூர், பாகூர்க் கிராமங்களைப் பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கொடுத்தவர் சந்தா சாகிப். படை உதவிக்குக் கைம்மாறு. ஏர் பிடித்தவனை அன்றும் எவரும் கேட்கவில்லை.

1954 மார்ச் 31-ந் தேதி இதே நெட்டப்பாக்கத்தில் போலீஸ் ஸ்டேஷன் வசமாயிற்று; மூவர்ணக் கொடி ஏறியது. அதுவரை பிரெஞ்சுக்காரனுக்குத் துணைநின்ற குபேர் இங்கே தற்காலிக சர்க்கார் அமைத்தார். அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1-ந் தேதி கேவல் சிங் பொறுப்பேற்றார்.

ஆனால் அந்த நாளுக்கு விலை கொடுத்தவர் யார்? 1936 ஜூலை 30-ந் தேதி சவானா ஆலையில் குண்டுக்கு இரையான 12 தொழிலாளிகளை மறக்கலாமா? அந்த ரத்தம்தான் 1937-ல் எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கியது. விடுதலைப் போருக்குக் கால்கோள் இட்டதும் அந்த ரத்தமே.

தோழர்களே! 2020-ல் ஏ.எஃப்.டி. ஆலை மூடப்பட்டது. ஆலைக் கதவு சாத்தினால் கிராமத்து அடுப்பும் அணைகிறது. ஆலைத் தொழிலாளியும் வயல் கூலியாளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

கூலியும் நிலமும் ஆலையும் பேசப்படும் மேஜையில் நம் ஆள் உட்கார வேண்டும். அதற்கு ஆள்பலம் வேண்டும். இன்றைக்கே சங்கத்தில் சேருங்கள். நாளைக்குப் பக்கத்துச் சேரியிலும் தெருவிலும் சேர்த்துவிடுங்கள்!