சர்க்கரை நோயும் நம் ஜமாஅத்தின் பொறுப்பும்

 

பைத்துல்மால் நிதியிலிருந்து மருத்துவ உதவி கோரி வரும் மனுக்களை ஆண்டுதோறும் பரிசீலிக்கிறோம். டயாலிசிஸ் செலவு, ஆறாத புண்ணால் கால்விரலை அகற்றும் அறுவை, விழித்திரைச் சிகிச்சை என வருபவற்றுள் பல, சர்க்கரை நோய் என்னும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. நோய் முற்றியபின் உதவுவது நம் கடமை. முற்றாமல் தடுப்பது அதனினும் மேலான கடமை.

“வயதானால் சர்க்கரை வரத்தான் செய்யும், எல்லாம் விதி” என்போர் நம்மிடையே உண்டு. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்புச் சாட்டக் கற்பித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நாம் கட்ட வேண்டிய கயிறு நம் கையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. நோயின் வாசலில் நின்ற 531 பேரை 3 ஆண்டுகள் கவனித்தனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேரை நோய் பற்றியது. நாள்தோறும் நடந்து, உணவையும் திருத்திக்கொண்டோரில் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. மாத்திரை மட்டும் உண்டோர் அடைந்த பயனும் ஏறத்தாழ இவ்வளவே. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள். 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பவர்கள்.

முதலாவது, நம் விருந்துகள். ஒரே சஹனில் கூடி உண்பது சகோதரத்துவத்தின் அடையாளம், அது நிலைக்கட்டும். ஆயினும் பகிர்ந்துண்ணும் தட்டில் தாம் எவ்வளவு உண்டோம் என்பது உண்பவர்க்கே தெரிவதில்லை. வயிற்றில் உணவுக்கு மூன்றில் ஒரு பங்கே என்னும் நபிவழியைப் பேணுவோம். போதும் என்பவரை மேலும் உண்ண வற்புறுத்துவது உபசரிப்பு ஆகாது. நெய்ச்சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவதால் எந்த நிக்காஹின் சிறப்பும் குன்றிவிடாது.

இரண்டாவது, ரமளான். நோன்புக் கஞ்சி நல்லுணவு. அதனுடன் சேரும் வடை, சமோசா, சர்பத்தே தீங்கு செய்வன. மருந்து உண்போர் நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டறிய வேண்டும். இன்சுலினைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதனை ஏற்பது இழுக்கன்று.

மூன்றாவது, நடை. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடக்க உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தொழுகையின் நிலைகள் மூட்டுகளுக்கு நன்மை தரும். ஆயினும் அவை நடைக்கு ஈடாகா. இயன்றவர்கள் பள்ளிவாசலுக்கு வாகனத்தில் வராமல் நடந்தே வரலாம். வெளியே நடக்கத் தயங்கும் தாய்மார்கள் மொட்டை மாடியில் நடக்கலாம். தாயின் நடையை வீண்வேலை என்று பிள்ளைகள் எள்ளாதிருக்க வேண்டும்.

நான்காவது, பாதம். உணர்வு குறைந்த காலில் முள் தைத்தாலும் சுடுதரை சுட்டாலும் தெரிவதில்லை. நாம் ஒளூவில் பன்முறை கால் கழுவுகிறோம். அவ்வேளையில் ஒருமுறையேனும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் உற்றுநோக்கி, ஈரம் போகத் துடைப்போமாயின் புண்ணைத் தொடக்கத்திலேயே காணலாம். ஜும்ஆ நாளின் நண்பகல் வெயிலில் வெறுங்காலுடன் நடப்பதைச் சர்க்கரை நோயாளிகள் தவிர்க்க வேண்டும்.

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டுகிறோம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதைச் செய்துகொள்ளலாம். இயலாத முதியவர்களை அழைத்துச் செல்வதை நம் இளைஞர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மறுமையில் அதற்கும் கணக்கு உண்டு. முதுமையிலும் பிறர் கையை எதிர்பாராமல் ஸஜ்தாச் செய்யும் வலிமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.