முதுமையும் மரபணுவின் புள்ளிகளும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மூப்பென்பது யாது என்று வினவின், நரையும் திரையும் என்று விடையிறுப்பது நம் வழக்கம். அவை புறத்தே தோன்றும் குறிகள். சரீரத்தின் உள்ளே ஒவ்வோர் உயிரணுவிலும் மூப்புத் தன் கணக்கை எழுதிவருகிறதென்பதை, விஞ்ஞானிகள் சென்ற ஐம்பதாண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கண்டறிந்துள்ளனர். நம்மவருள் சிலர் ‘உயிரியல் வயது’ என்று அச்சிட்ட பரிசோதனைத் தாள்களை விலைகொடுத்து வாங்கி, அதைப் பார்த்து மகிழ்ந்தும் கலங்கியும் வருகின்றனர். ஆதலின் இது வெறும் சாஸ்திர விஷயமாக நின்றுவிடவில்லை.

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட சுவடி. ஈரலின் அணுவுக்கும் மூளையின் அணுவுக்கும் சுவடி ஒன்றே. அங்ஙனமாயின் ஒன்று ஈரலாகவும் மற்றொன்று மூளையாகவும் தொழில் புரிவது எவ்வாறு? நம் தமிழெழுத்தைக் கொண்டே இதனை விளக்கலாம். ககரத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் எழுத்து மாறுவதில்லை. அதனுள் இருந்த அகர ஒலி மட்டும் அடங்கிவிடுகிறது. அதுபோலவே, சைட்டோசின் என்னும் எழுத்தை அடுத்துக் குவானின் வருமிடங்களில், ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் என்னும் சிறு தொகுதி அச்சைட்டோசினின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஒரு மரபணுவின் தொடக்கத்தில் இப்புள்ளிகள் செறிந்தால் அம்மரபணு பெரும்பாலும் வாய்மூடிவிடும். மனிதச் சுவடியில் இத்தகைய இடங்கள் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் உள; அவற்றுள் முக்காற் பங்கு அளவில் புள்ளி பெற்றவை.

அணு இரண்டாகப் பிரியுங்கால் சுவடியும் படியெடுக்கப்படுகிறது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் புள்ளியிடுவதற்கென்றே ஒரு நொதி உண்டு. இவ்வாறு அணுவிலிருந்து அணுவுக்குப் புள்ளிகள் இறங்கக்கூடும் என்று 1975-இல் ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும் ஒருபுறமும், ஆர்தர் ரிக்ஸ் மற்றொருபுறமும் தனித்தனியே கூறினர். பழைய ஓலைச்சுவடிகளைக் கண்டவர்க்கு மேலே நிகழ்வது எளிதில் விளங்கும். ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளி விடுத்தெழுதிய இடங்களில் படிப்போர் எவ்வளவு இடர்ப்பட்டனர்! அணுவின் சுவடியிலும் படியெடுக்குந்தோறும் சில புள்ளிகள் விடுபடுகின்றன. 1983-இல் வில்சன், ஜோன்ஸ் என்போர் எலி, ஹாம்ஸ்டர், மனிதர் ஆகிய மூவகை அணுக்களையும் ஆய்வுக்கலத்தில் வளர்த்து, அவை பிரியப் பிரியப் புள்ளி குறைவதைக் கண்டனர். மிகக் குறைந்த தடவையே பிரிந்து ஓய்ந்த எலியணுக்களில் இழப்பு மிக விரைவாயிருந்தது.

இழப்பு மட்டுமே நிகழுமாயின் கணக்கு எளிது. இருக்கக்கூடாத இடங்களில் புள்ளி ஏறுதலும் உண்டு. பெருங்குடலின் நோயற்ற உட்சவ்விலேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்குரிய மரபணு வயதேற வயதேறப் புள்ளி பெறுவதை 1994-இல் ஐசா என்பவரும் அவர் குழுவினரும் காட்டினர். அக்குடலின் புற்றுக்கட்டிகளிலும் அதே மரபணு புள்ளி பெற்றிருந்தது. முதுமையில் அந்நோய் மிகுவதற்கு இஃது ஒரு வாயிலோ என ஐயுற இடமுண்டு. 2005-இல் ஸ்பெயின் தேசத்தில் 40 ஜோடி ஒத்த இரட்டையரை ஆராய்ந்தபோது, 3 வயது இரட்டையரின் புள்ளிகள் ஏறத்தாழ ஒன்றாகவும், 50 வயதினருடையவை பெரிதும் வேறாகவும் இருந்தன. ஒரே கருவிற் பிறந்தவர்க்கே இஃது இவ்வாறு!

நிற்க. 2013-இல் ஸ்டீவ் ஹார்வத் என்னும் அறிஞர் 353 இடங்களை மட்டும் தெரிந்தெடுத்து, அவற்றைக்கொண்டு ஒருவரது வயதைக் கணிக்கும் முறையை வகுத்தார். அவற்றுள் 193 இடங்கள் வயதோடு புள்ளி ஏறுவன. 160 இடங்கள் குறைவன. பிழையின் நடுவளவு சுமார் 3.6 ஆண்டே. இதில் எனக்குப் பெருவியப்பளிப்பது, ஓருடலின் உறுப்புகளே ஒத்த வயதினவாய் இல்லை என்பது. பெண்டிரின் மார்பகத் திசு மற்றவற்றினும் மூத்துக் காண்கிறது. சிறுமூளையோ நூறாண்டு வாழ்ந்தவரிடத்தும் இளமையாய்க் காண்கிறது. உடற்பருமன் மிக்கவர்க்கு ஈரலின் கடிகாரம் முந்தி ஓடுகிறதென்றும், அறுவைசிகிச்சையால் எடையை விரைந்து குறைத்தாலும் அது குறுகிய காலத்தில் திரும்புவதில்லையென்றும் 2014-இல் வெளியாயிற்று.

புள்ளிகள் மூப்புக்குக் காரணமோ, அன்றி அதன் நிழலோ? ஒரு சோதனை காரணப்பக்கம் சாய்கிறது. 2020-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையார் எலியின் கண்ணில் மூன்று மரபணுக்களை இயக்கிப் பார்வை மீளச் செய்தனர். புள்ளியை நீக்கும் நொதிகளை ஒடுக்கியபோது அப்பயன் கிட்டவில்லை. எலியின் கண்ணில் நிகழ்ந்ததை மனித சரீரம் முழுவதற்கும் நீட்டிச் சொல்வது அவசரமாகும்.

இனி அத்தாள்களைப் பற்றி. ஒரே மாதிரியை இருமுறை சோதித்தால், பெயர்பெற்ற கடிகாரங்களிற்கூட விடை 9 ஆண்டுவரை மாறுபடலாம் என்று 2022-இல் எடுத்துக்காட்டப்பட்டது. அவ்விலக்கத்தைத் தவிர்க்கும் கணக்குமுறைகளும் உடன் சொல்லப்பட்டன. ஆயினும் தம் தாள் எம்முறையிற் கணிக்கப்பட்டதென்று கேட்டறிந்தவர் எத்துணைப் பேர்? ஆகையால், ஒரு லேகியத்தை மூன்று மாதம் உண்டு ‘நான்கு வயது குறைந்தது’ எனில், குறைந்தது வயதோ கருவியின் தடுமாற்றமோ என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. புகைப்போரின் இரத்தத்திலோ ஐயத்திற்கிடமில்லாத அடையாளம் ஒன்று தெரிகிறது: ஏ.எச்.ஆர்.ஆர். என்னும் மரபணுவில் ஓரிடத்துப் புள்ளி வெகுவாகக் குறைகிறது. புகையை விட்டபின் ஆண்டுகள் செல்லச் செல்ல அது பெரும்பாலும் மீண்டு ஏறுகிறது.