காணாமற்போகும் கோப்புகள்: தமிழ்ப் பாடசாலை இணையத்தளங்களைப் பழுதுபார்த்தலும் பாதுகாத்தலும்

(இலண்டன் வாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்கும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஹரோ, வெம்பிளி, ஈஸ்ற்ஹாம், ரூட்டிங் எனத் தமிழர் செறிந்து வாழும் இலண்டன் பகுதிகளில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் நடைபெறுகின்றன. இத்தகைய பாடசாலைகளின் இணையத்தளங்களை அமைப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். பல்கலைக்கழகத்தில் கணினி பயிலும் ஒரு மாணவர் தமது ஓய்வு நேரத்தில் தளத்தை உருவாக்குவார். பின்னர் படிப்பு முடிந்து, வேலை நிமித்தம் வேறு நகருக்குச் சென்றுவிடுவார். தளம் சில ஆண்டுகள் இடரின்றி இயங்கும். ஒருநாள் வழங்கி நிறுவனம் தனது கணினிகளைப் புதுப்பிக்கும். மறுநாள் தளம் வெறும் வெண்பக்கமாகக் காட்சி தரும். ஆண்டுவிழா மலரும், பிள்ளைகளின் கட்டுரைகளும், பழைய ஒளிப்படங்களும் எங்கே சென்றன என்று எவருக்கும் தெரியாது.

உண்மையில் அவை எங்கும் செல்வதில்லை. இத்தகைய வேளைகளிற் பெரும்பாலும் ஒரு கோப்பு இன்னொரு கோப்பைக் கண்டுபிடிக்க இயலாமல் நிற்கிறது, அவ்வளவே. அதை முறைப்படி தேடிக் கண்டறியும் வழியும், அதே இடத்தில் மறைந்திருக்கும் பேராபத்தும் இவ்வுரையின் பொருளாகும்.

1995ஆம் ஆண்டு ராஸ்மஸ் லெர்டோர்ப் என்பவர் வெளியிட்ட பி.எச்.பி. என்னும் நிரல்மொழி, சிறிய தளங்களை அமைப்போருக்குப் பெரும் வரமாக அமைந்தது. ஐம்பது பக்கங்கள் கொண்ட தளத்தில் தலைப்பகுதியை ஐம்பது முறை எழுத வேண்டியதில்லை. அதனை ஒரே கோப்பில் எழுதி வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் 'இன்குளூட்' என்னும் கட்டளையால் உட்சேர்த்துவிடலாம். தொலைபேசி எண் மாறினால் ஒரு கோப்பைத் திருத்தினாற் போதும். 'ரிக்குவயர்' என்பது இதன் உடன்பிறப்பு. உட்சேர்க்க வேண்டிய கோப்பு கிடைக்காதபோது 'இன்குளூட்' எச்சரிக்கை விடுத்துவிட்டு மேலே செல்லும். 'ரிக்குவயர்' அவ்விடத்திலேயே நிரலை நிறுத்திவிடும். தலைப்பகுதி மட்டும் காணாமற் போயிருந்தால் முன்னதையும், பக்கம் முழுவதும் வெறுமையாயின் பின்னதையும் ஐயுறுவது நல்ல தொடக்கமாகும்.

பழுதுபார்ப்பவர் முதலிற் செய்ய வேண்டியது ஊகிப்பதன்று, வாசிப்பது. வெண்பக்கத்தின் பின்னால் ஒரு பிழைச்செய்தி இருக்கும். பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் அச்செய்திகளைத் திரையிற் காட்டாமல் மறைப்பதே முறை. ஏனெனில் அவை வழங்கியின் உட்பாதைகளை அந்நியருக்கு அறிவித்துவிடும். ஆயினும் அவற்றை வழங்கியின் பிழைப் பதிவேட்டில் எழுதச் செய்து அங்கே வாசிக்கலாம். எந்தக் கோப்பு, எத்தனையாம் வரி, எதைத் தேடியது, எங்கெங்கே தேடியது என்பன யாவும் அதில் எழுதப்பட்டிருக்கும்.

'அத்தகைய கோப்போ கோப்புறையோ இல்லை' என்று செய்தி வருமாயின், பாதையை ஆராய வேண்டும். ஒரு பாதை புள்ளியுடன் தொடங்கும்போது, பி.எச்.பி. அதனை நிரல் அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் கோப்புறையிலிருந்து கணக்கிடுகிறது. உட்சேர்க்கும் கட்டளை எழுதப்பட்ட கோப்பு இருக்கும் இடத்திலிருந்து அன்று. ஆகவே முகப்புப் பக்கத்தில் ஒழுங்காக இயங்கும் தலைப்பகுதி, 'பாடங்கள்' என்னும் உட்கோப்புறையில் உள்ள பக்கத்தில் உடைந்துபோகும். பாதையின் முதலில் சாய்கோடு இட்டால் தளத்தின் வேர் கிடைக்கும் என்று எண்ணுவோரும் உளர். அது தளத்தின் வேரைக் குறிப்பதில்லை; வழங்கிக் கணினி முழுவதற்குமான வேரைக் குறிப்பது. இதற்குத் தீர்வு, தற்போதைய கோப்பின் கோப்புறையைத் தரும் 'டிர்' என்னும் மாறிலியைப் பாதையின் முன்னே சேர்ப்பதாகும். பி.எச்.பி. 5.3 பதிப்பு, 2009ஆம் ஆண்டு, இதனை அறிமுகப்படுத்தியது. அதன்பின் எந்தப் பக்கத்திலிருந்து அழைத்தாலும் பாதை மாறாது.

பாதை சரியெனின் பெயரை நோக்க வேண்டும். வீட்டிலுள்ள விண்டோஸ் கணினி, ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கோப்புப் பெயரிற் பொதுவாக வேறுபடுத்துவதில்லை. லினக்ஸ் வழங்கியோ இரண்டையும் வெவ்வேறு கோப்புகளாகவே கருதும். வீட்டில் இயங்கிய தளம் வழங்கியில் இயங்காமைக்கு இஃதொரு பழைமையான காரணம். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று செய்தி வருமாயின், கோப்பு இருக்கிறது, படிக்கும் உரிமை இல்லை என்பது பொருள். கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 என்பன வழக்கமான அளவுகள். பொறுமையிழந்து 777 என்று அமைப்பது, வீட்டுச் சாவியை எல்லோரிடமும் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

தமிழ்த் தளங்களுக்கே சிறப்பாக நேரும் இடர்களும் உண்டு. ஒரு கோப்பு பாமினி எழுத்துருவிலும், இன்னொன்று திஸ்கியிலும், மற்றொன்று ஒருங்குறியிலும் எழுதப்பட்டு, மூன்றும் ஒரே பக்கத்தில் உட்சேர்க்கப்பட்டால், ஒரு பகுதி தமிழாகவும், மற்றப் பகுதிகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தோன்றும். உட்சேர்ப்பு நிகழ்ந்துவிட்டது, மொழிதான் ஒன்றாகவில்லை. எல்லாக் கோப்புகளையும் ஒருங்குறிக்கு மாற்றுவதே நிலையான தீர்வு.

இதனினும் நுட்பமானது, கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகள். விண்டோஸின் நோட்பேட், தமிழ்க் கோப்பை யு.ரி.எவ்.-8 முறையிற் சேமிக்கும்போது, 2019 வரை கோப்பின் தொடக்கத்தில் 'பைட் ஒழுங்குக் குறி' ஒன்றைத் தானாகவே சேர்த்துவந்தது. அக்கோப்பு உட்சேர்க்கப்படும்போது, அம்மூன்று பைட்டுகளும் உலாவிக்கு முன்கூட்டியே சென்றுவிடக்கூடும். அதன்பின் நிரல் அனுப்ப முயலும் தலைப்புச் செய்திகள் மறுக்கப்படும். கடவுச்சொல் சரியாயிருந்தும் உள்நுழைவு இயலாது. எத்தனை முறை படித்தாலும் நிரலிற் குற்றம் தென்படாது. இக்குறியின்றிச் சேமிக்கும் வசதி கொண்ட தொகுப்பியில் கோப்பைத் திறந்து மீண்டும் சேமித்தால் நோய் தீரும்.

இனி ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முற்காலத்துத் தளங்கள் பலவற்றில், எந்தப் பக்கத்தை உட்சேர்ப்பது என்பதை இணைய முகவரியில் வரும் சொல்லே தீர்மானித்தது. பார்வையாளர் 'செய்திகள்' என்று கேட்டால் செய்திக் கோப்பு வரும். ஆனால் தீயோன் ஒருவன் கோப்பின் பெயருக்குப் பதிலாகத் தன் வழங்கியிலுள்ள நிரலின் முகவரியை அவ்விடத்தில் இட்டால், தளம் அந்நிரலையும் உட்சேர்த்து இயக்கிவிடும். 2000களில் எண்ணற்ற தளங்கள் இவ்வழியாகவே கைப்பற்றப்பட்டன. 2006இல் வெளியான பி.எச்.பி. 5.2 பதிப்பு, தொலைவிலுள்ள கோப்புகளை உட்சேர்க்கும் வசதியை இயல்பாகவே மூடிவைத்தது. எனினும் வழங்கிக்குள்ளேயே இருக்கும் வேறு கோப்புகளை, இரு புள்ளிகளும் சாய்கோடும் இட்டு மேலேறிச் சென்று கேட்கும் வழி அதனால் மூடப்படுவதில்லை. இதற்குரிய மருந்து எளியது: அனுமதிக்கப்பட்ட பக்கங்களின் பட்டியலை நிரலிலேயே எழுதிவைத்து, அதில் இல்லாத எந்தச் சொல்லையும் மறுத்துவிட வேண்டும். தரவுத்தளக் கடவுச்சொல் அடங்கிய கோப்பை, உலாவி எட்டமுடியாத கோப்புறையில் வைக்க வேண்டும். அதனைப் பி.எச்.பி. விகுதியின்றி, 'இன்க்' என்னும் விகுதியோடு தளத்தினுள் வைத்திருந்தால், முகவரியை அறிந்தவர் எவரும் கடவுச்சொல்லை வெற்றெழுத்தாகவே வாசித்துவிடக்கூடும்.

சிறிய பாடசாலையை யார் தாக்குவர் என்று சிலர் வினவலாம். தாக்குவோர் பெயர் பார்த்துத் தேடுவதில்லை. தானியங்கி நிரல்களைக் கொண்டு எல்லாத் தளங்களின் கதவுகளையும் தட்டிப் பார்க்கின்றனர். மறக்கப்பட்ட பக்கம் என்ன செய்யும் என்பதற்கு இலண்டனே சான்று. 2015இல், அப்போது இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ரோக்ரோக் தொலைத்தொடர்பு நிறுவனம் தாக்கப்பட்டு, 156,959 வாடிக்கையாளரின் விபரங்கள் களவாடப்பட்டன. அது கோப்பு உட்சேர்ப்பால் அன்றித் தரவுத்தளக் கட்டளையை நுழைத்ததால் நிகழ்ந்தது. ஆயினும் மூலக்குற்றம் ஒன்றே: பார்வையாளர் தரும் சொல்லைச் சோதியாமல் ஏற்றமை. தாக்கப்பட்டவை, முன்னர் வாங்கிய வேறொரு நிறுவனத்திடமிருந்து வந்து, கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய பக்கங்கள். பிரித்தானியத் தகவல் ஆணையாளர் 2016இல் 400,000 பவுண் தண்டம் விதித்தார்.

தமிழ்ப் பாடசாலையின் தரவுத்தளத்திலும் பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், வீட்டு முகவரி என்பன இருக்கக்கூடும். அவற்றைக் காப்பது பிரித்தானியச் சட்டப்படி நிர்வாகத்தின் கடமை. கசிவினால் எவருக்கேனும் தீங்கு நேரக்கூடுமாயின், அறிந்த 72 மணித்தியாலத்துள் உரிய ஒழுங்குமுறை அமைப்புக்கு அறிவித்தல் வேண்டும். தொண்டர் என்பதால் இக்கடமை நீங்குவதில்லை.

இணைய ஆவணகங்கள் யாவற்றையும் காத்துவிடும் என்ற நம்பிக்கையும் போதாது. அவை உலாவிக்கு வந்த பக்கத்தை மட்டுமே சேமிக்கின்றன. பின்னால் இயங்கும் நிரலையோ தரவுத்தளத்தையோ சேமிப்பதில்லை. மேலும் 2023 ஒக்ரோபரில் பிரித்தானிய நூலகமே இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் சேவைகள் பல நீண்ட காலம் முடங்கின. பழைமையான கணினி அமைப்புகளே மீட்சியைத் தாமதப்படுத்தின என்று நூலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறியது.

ஆகவே ஒவ்வொரு பாடசாலை நிர்வாகமும் மூன்று ஒழுங்குகளைச் செய்துகொள்ளலாம். தளத்தின் கோப்புகளும் தரவுத்தளமும் வழங்கிக்கு வெளியே ஒரு படியாக இருத்தல் வேண்டும். எந்தக் கோப்பு எதனை உட்சேர்க்கிறது என்பது ஒரு தாளிலேனும் தமிழில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். தளத்தைத் திறக்கும் உரிமை எப்போதும் இருவரிடமாவது இருத்தல் வேண்டும். ஒருவர் செல்லுமுன் இன்னோர் இளையவரை அருகில் அமர்த்திப் பழுதுபார்க்கக் கற்பித்தல் வேண்டும்.

இளையோர் பலருக்குக் கணினி தெரியும், தமிழ் தடுமாறும். பெற்றோர் பலருக்குத் தமிழ் தெரியும், கணினி தடுமாறும். ஒரு பழைய தமிழ்த் தளத்தைப் பழுதுபார்க்க இரண்டும் வேண்டும். பிழைச்செய்தியைப் பிள்ளை வாசிக்க, உடைந்த எழுத்து எந்தக் கட்டுரையினது என்பதைத் தாய் அடையாளங்காட்ட, இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்தால், மலரும் கட்டுரைகளும் மீண்டும் திரைக்கு வரும்.