பழைய வண்டிக்குப் புதிய கியர் பெட்டி
(கிராமத் தொழிற்பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காய்கறியும் வைக்கோலும் உரமூட்டையும் சுமந்து ஓடும் பழைய ஜீப் வகைப் பிக்கப் வண்டிகள் நமது ஊர்களில் இன்னும் உள்ளன. ஒரு குடும்பத்தின் வருவாய் முழுதும் அத்தகைய ஒரே வண்டியை நம்பியிருப்பதும் உண்டு. அறுவடைக் காலத்தில் அதன் கியர் பெட்டி பழுதாகி நின்றுவிடின், விளைந்த தக்காளி வயலிலேயே அழுகும். அந்நிலையில், பிற்காலத்து ஐந்து கியர் பெட்டியை வாங்கி மாட்டிவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அது செய்யத்தக்கதா, செய்வதாயின் எங்ஙனம் என்பதை இன்று ஆராய்வோம்.

முதற்கண் ஆதாயத்தைக் கணக்கிடுவோம். பழைய ஜீப்புகளில் அமைந்த டி-90 பெட்டியில் முன்செல்லும் கியர்கள் மூன்று. முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 2.8 சுற்றுச் சுற்றினால் பெட்டியின் வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். மூன்றாம் கியரில் இரண்டும் சமமாகச் சுற்றும். புதிய பெட்டியின் முதல் கியர் 3.5 ஆயின், இழுவை நான்கில் ஒரு பங்கு மிகும். மேட்டில் சுமை ஏறுவது எளிதாகும். ஐந்தாம் கியர் 0.85 ஆயின், முன்பு 2,000 சுற்றில் சென்ற அதே வேகத்திற்கு 1,700 சுற்றே போதும். நான்கு கியர் பெட்டியிலோ கடைசிக் கியர் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்றே. ஆதலின் நெடுஞ்சாலையில் அதனால் இந்த ஆதாயம் கிட்டாது.

இனி, பொருத்தும் முறை. கியர் பெட்டி தனித்து நிற்கும் பொருளன்று. முன்னும் பின்னும் பல உறுப்புகளோடு இணைந்தது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையேயுள்ள பெல் ஹவுசிங்கின் துளைகள் ஒத்திருத்தல் வேண்டும். இரண்டின் மையமும் ஒரே கோட்டில் அமைதல் வேண்டும். உள்தண்டின் நுனி பைலட் பேரிங்கில் சரியாக உட்கார வேண்டும். கிளட்ச் தட்டின் அகலம் பிளைவீலுக்கும், அதன் நடுவிலுள்ள பற்கள் புதிய உள்தண்டுக்கும் பொருந்த வேண்டும். நான்கு சக்கர இழுவையுள்ள வண்டியாயின், பின்புறம் பூட்டிய டிரான்ஸ்பர் பெட்டியும் இசைய வேண்டும்.

புதிய பெட்டி நீளமாயின், பின் புரொப்பெல்லர் ஷாப்டை வெட்டிக் குறுக்க நேரும். வண்டி தன் சக்கரங்களின்மேல் தரையில் நிற்கும்போதே அதற்கு அளவெடுக்க வேண்டும். ஷாப்ட் குட்டையாயின் கழன்று விழும். நீளமாயின் பள்ளத்தில் இறங்கும்போது பேரிங்கை இடித்து உடைக்கும். வெட்டி ஒட்டிய ஷாப்டைச் சமன்செய்யாமல் ஓட்டலாகாது. எண்ணெயும், பெட்டியைச் செய்தவர் குறித்த வகையே ஊற்றுதல் வேண்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள், உற்பத்தியாளர் முதலிற் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. எனவே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆதலின் அவற்றுக்கு இம்முயற்சி வேண்டா.

கியர் ஐந்தாகியும் பிரேக் பழையதே என்பதை ஓட்டுநர் நினைவிற் கொள்க. பெட்டி மாற்றம் சுமைக்கும் எஞ்சினுக்கும் உதவுமேயன்றி, விரைந்தோட உரிமை தருவதன்று.

இளைஞர்களே! உழவர் ஒருவர் தம் வண்டியை உங்களிடம் ஒப்படைக்கும்போது, அவ்வாண்டின் விளைச்சலையே ஒப்படைக்கிறார். ஆகவே, ஒரு போல்ட்டையும் கழற்றுமுன் இரண்டு பெட்டிகளையும் அருகருகே வைத்து அளந்து எழுதுங்கள். பெட்டியின் விலையோடு கிளட்ச் தட்டு, ஷாப்ட், தாங்குசட்டம், கடைசல் கூலி யாவற்றையும் கூட்டி, மொத்தத்தை அவரிடம் முன்கூட்டியே கூறுங்கள். பழைய பெட்டிக்கு உதிரிகள் கிடைத்து, வண்டி ஓடுவதும் வயலுக்கும் அருகிலுள்ள சந்தைக்குமே என்றால், பழுது பார்ப்பதே சிக்கனம் என்று துணிந்து சொல்லுங்கள். தமக்கு வரும் கூலி குறையினும் அவ்வாறு சொல்லும் தொழிலாளியையே ஊர் நம்பும். அந்த நம்பிக்கையை ஈட்டுவீர்களாக என வாழ்த்தி அமைகிறோம்.