குடற்புண்

கே.கே. நகரில் எங்கள் அடுத்த வீட்டில் ஒரு கல்லூரி மாணவர் குடியிருந்தார். காலையில் காபி மட்டும் அருந்திவிட்டுப் பேருந்துக்கு ஓடுவார். நள்ளிரவில் மேல்வயிறு எரிகிறது என்றும், ஏதேனும் உண்டால் தணிந்து மீண்டும் எரிகிறது என்றும் சில மாதங்களாகச் சொல்லி வந்தார். "காரத்தைக் குறையுங்கள், தம்பி, வேளைக்கு உண்ணுங்கள்" என்றேன். பின்னர் அவருக்கு முதுகுவலி வந்தபோது, என்னிடம் இருந்த வலி மாத்திரைகளையும் கொடுத்தேன். அன்பினால் செய்த பிழை அது.

ஒரு வாரம் கழிந்தது. அவருடைய மலம் தார்போல் கறுத்தது. அதை வெளியிற் சொல்ல நாணி இரண்டு நாள் மறைத்தார். மூன்றாம் நாள் மயங்கி விழுந்தார். மருத்துவர் உள்நோக்குக் குழாயைச் செலுத்திப் பார்த்தபோது, முன்சிறுகுடலில் ஒரு புண்ணும் அதிலிருந்து கசியும் குருதியும் தெரிந்தன.

இப்புண் எவ்வாறு உண்டாகிறது? நம் இரைப்பை சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் துத்தநாகத்தையும் கரைக்க வல்லது. அது நம் உடலையே அரித்துவிடாதபடி வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று காக்கின்றது. அக்காப்புக் குலைந்தால் புண் தோன்றும்.

காப்பைக் குலைப்பது கவலையும் காரமுமே என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்களாகிய ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-ஆம் ஆண்டில், இரைப்பையில் வாழும் திருகு வடிவக் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினர். நம்பியவர் சிலரே. 1984-இல் மார்ஷல் அக்கிருமிகள் கலந்த நீரைத் தாமே குடித்தார்! சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டன. அவருடைய இரைப்பை அழற்சியுற்றது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் அக்கிருமியைக் கண்டறிந்தமைக்காக இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள். என் நண்பரிடம் இரண்டும் கூடிவிட்டன. என் அறிவுரை கிருமியைக் கொல்லவில்லை. என் மாத்திரையோ காப்பை மேலும் குலைத்தது.

நல்வாய்ப்பாக இந்நோய் தீரக்கூடியது. கிருமி இருப்பதை மூச்சுச் சோதனையாலோ மலச் சோதனையாலோ அறியலாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு கிருமிக்கொல்லி மருந்துகளையும் ஏறத்தாழ இரண்டு வாரம் உண்டால் பெரும்பாலோர் நலம் பெறுவர். எரிச்சல் தணிந்ததென்று இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும்.

மாணவ மாணவியரே! வயிற்றெரிச்சல் அனைத்தும் புண் அன்று. ஆயினும் அது வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். கறுத்த மலம், குருதி வாந்தி, திடீரென எழும் கடும் வயிற்றுவலி ஆகியவற்றுள் எது கண்டாலும் ஒரு நாழிகையும் தாழ்த்தாதீர்கள். நோயை மட்டுமன்றி அதன் முதற்காரணத்தையும் ஆராயுமாறு வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். காரணம் அறியாமல் அடுத்தவருக்கு மாத்திரை கொடுத்த என் பிழையை நீங்கள் செய்யாதிருங்கள். சொல்ல நாணிய என் நண்பர் பிழைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை.